3 சென்ட் அட்டையின் மதிப்பு

ஸ்டீம் சமூகச் சந்தையில் ஒரு டிஜிட்டல் அட்டை விற்கப்படக்கூடிய மிகக் குறைந்த விலை 3 சென்ட். வாங்குபவர் 3 சென்ட் செலுத்துகிறார். விற்றவரின் வாலட்டில் 1 சென்ட் சேர்கிறது. எஞ்சிய இரண்டில் ஒன்று தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும், மற்றொன்று அந்த விளையாட்டை வெளியிட்டவருக்கும் போகிறது. பொருள் ஒன்று, பரிமாற்றம் ஒன்று. எண்கள் மட்டும் இரண்டு. இவற்றுள் எது அந்த அட்டையின் மதிப்பு? ‘3’ என்றே பெரும்பாலோர் சொல்வர். திரையில் தெரிவது அதுதான்.

சில்லறைக் கணக்கு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் மெய்நிகர்ப் பொருளாதாரம் பற்றிய திட்டக்கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் இந்தச் சில்லறையே பெருந்தொகையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவரது கணக்கில் உள்ள அட்டைகளின் எண்ணிக்கையை எடுத்து, சந்தையில் காணும் குறைந்தபட்ச விலையால் பெருக்கி, ‘இந்தச் சேகரிப்பின் மதிப்பு இவ்வளவு’ என்று காட்டும் இணையக் கருவிகள் பல உள்ளன. அந்தப் பெருக்கல் தொகையை அப்படியே எடுத்து அட்டவணையில் இட்டால் ஆய்வு முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஆய்வு அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் அட்டை என்னவென்று பார்க்கலாம். 2013ஆம் ஆண்டில் வால்வ் அறிமுகப்படுத்திய ஸ்டீம் டிரேடிங் கார்டுகள் விளையாட்டின் உள்ளே பயன்படுபவை அல்ல. விளையாட்டைத் திறந்து வைத்திருந்தால் அவ்வப்போது ஓர் அட்டை கிடைக்கும். ஒரு விளையாட்டுக்கு 5 முதல் 15 அட்டைகள் கொண்ட தொகுப்பு உண்டு. விளையாடுவதால் மட்டும் கிடைப்பது அதில் ஏறத்தாழப் பாதி. மறுபாதியைப் பண்டமாற்றாகவோ சந்தையிலோதான் பெற வேண்டும். தொகுப்பு முழுமையானதும் அட்டைகளைக் கொடுத்து ஒரு பேட்ஜ் உருவாக்கலாம். அட்டைகள் அத்துடன் அழிந்துபோகும். பதிலுக்கு 100 அனுபவப் புள்ளிகள், ஓர் உணர்ச்சிக்குறி, சுயவிவரப் பக்கத்துக்கான ஒரு பின்னணிப் படம் ஆகியவை கிடைக்கும். எவருக்கும் முழுத் தொகுப்பைக் கொடுக்காமல், எவரையும் சந்தைக்கு வரவைக்கும் ஏற்பாடு இது. பற்றாக்குறை இயற்கையாக வந்ததன்று, வடிவமைப்பிலேயே வைக்கப்பட்டது.

மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே சொசூர் நினைவுக்கு வராமல் போகமாட்டார். ஐந்து ஃபிராங்க் நாணயத்தின் மதிப்பை அறிய இரண்டு செய்திகள் தெரிய வேண்டும் என்று அவர் விளக்கினார். வேறு வகைப் பொருளில், எடுத்துக்காட்டாக ரொட்டியில், அது எவ்வளவு பெற்றுத் தரும் என்பது ஒன்று. அதே அமைப்பைச் சேர்ந்த இன்னொன்றோடு, ஒரு ஃபிராங்க் நாணயத்தோடு, அது எவ்வாறு ஒப்பிடப்படுகிறது என்பது மற்றொன்று. சொல்லின் மதிப்பை விளக்கவே அவர் நாணயத்தைத் துணைக்கு அழைத்தார். அந்த உவமையைத் திருப்பிப் போட்டு அட்டைகளுக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஸ்டீம் அட்டையைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கு விடை துல்லியமாகக் கிடைக்கிறது. முதல் கேள்விதான் சிக்கலானது. ரொட்டி அங்கே இல்லை.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே விளையாட்டின் அட்டைகள் தமக்குள் ஒன்றுக்கு ஒன்று என மாறும் என்பது சேகரிப்போரிடையே நிலவும் வழக்கம். வெவ்வேறு விளையாட்டுகளின் அட்டைகளை ஒப்பிடும்போது சிலவற்றின் விலை எப்போதும் தாழ்வாகவும் சிலவற்றின் விலை உயர்வாகவும் இருப்பதைக் காணலாம். விளையாட்டின் புகழே காரணம் என்று உடனே தோன்றும். புகழுக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய காரணம் ஒரு வகுத்தல் கணக்கு.

2014 டிசம்பரில் ‘ஜெம்’ என்ற அலகு வந்தது. வேண்டாத அட்டைகளையும் பின்னணிப் படங்களையும் உடைத்து ஜெம்களாக்கலாம்; ஜெம்களைக் கொண்டு 3 அட்டைகள் அடங்கிய பூஸ்டர் பாக் ஒன்றை உருவாக்கலாம். ஒரு பாக்குக்கு எத்தனை ஜெம் என்பதற்குச் சூத்திரம் உண்டு: 6000ஐத் தொகுப்பிலுள்ள அட்டைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 5 அட்டைத் தொகுப்பானால் 1200 ஜெம். 6 அட்டையானால் 1000. 15 அட்டையானால் 400. ஒவ்வொரு பாக்கிலும் இருப்பதோ அதே 3 அட்டைகள். எனவே 5 அட்டைத் தொகுப்பில் ஓர் அட்டையின் உற்பத்திச் செலவு 400 ஜெம். 15 அட்டைத் தொகுப்பில் 133 ஜெம். ஒரே அட்டை இருமுறை வருவதைப் புறக்கணித்துக் கணக்கிட்டால், முழுத் தொகுப்பின் செலவு எந்த விளையாட்டானாலும் 2000 ஜெம்களே. பேட்ஜ் தரும் புள்ளியும் எந்த விளையாட்டானாலும் 100தான். சிறிய தொகுப்பின் அட்டை விலை உயர்ந்தும் பெரிய தொகுப்பின் அட்டை விலை தாழ்ந்தும் இருப்பதில் வியப்புக்கு இடமில்லை. படத்தின் அழகும் கதாபாத்திரத்தின் பெருமையும் இந்த வகுத்தலுக்குப் பிறகே கணக்கில் வரும்.

இந்தச் சூத்திரம் விலைக்கு ஒரு மேல்வரம்பையும் தருகிறது. 1000 ஜெம் மூட்டையின் விலையைவிட, 6 அட்டைத் தொகுப்பின் மூன்று அட்டைகளை விற்றுக் கையில் வரும் தொகை கூடுதலாக இருந்தால், பலரும் பாக் உருவாக்கி விற்கத் தொடங்குவர். அட்டை விலை இறங்கும். ஆனால் ஒரு விளையாட்டுக்கு ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்தான் உருவாக்க முடியும். அதுவும் அந்த விளையாட்டைத் தம் கணக்கில் வைத்திருந்தால்தான். ஆகவே பலர் வாங்கிய விளையாட்டின் அட்டைக்கு இந்த மேல்வரம்பு இறுக்கமானது. சிலரே வாங்கிய விளையாட்டுக்கு அது தளர்வானது. அரிதான விளையாட்டுகளின் அட்டைகள் சில வேளைகளில் பொருத்தமற்ற விலையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் ‘அருமை’ என்ற சொல் கிடைத்தற்கு அரிய தன்மையையும் சிறப்பையும் ஒருசேரக் குறிக்கும். மொழி இணைத்து வைத்ததைச் சந்தை பிரித்துக் காட்டுகிறது. ஃபாயில் அட்டைகளை எடுத்துக்கொள்ளலாம். இவை அபூர்வமாகவே கிடைப்பவை. விலையும் சாதாரண அட்டையின் பல மடங்கு. ஆனால் ஃபாயில் தொகுப்பு முழுவதையும் கொடுத்து உருவாக்கும் பேட்ஜ் தருவதும் அதே 100 புள்ளிதான். சாதாரண பேட்ஜை ஐந்து நிலை வரை உயர்த்தலாம். ஃபாயில் பேட்ஜுக்கு ஒரே நிலைதான். பயன் என்ற கோணத்தில் ஃபாயில் அட்டைக்குக் கூடுதல் மதிப்பு ஏதும் இல்லை; அருமை என்ற கோணத்தில் உண்டு. அந்த அருமைக்கு விலை கொடுக்க ஆள் வருவாரா என்பது வேறு கேள்வி. பட்டியலில் ஓர் உயர்ந்த விலை பல மாதங்கள் மாறாமல் நிற்கிறதென்றால், அது அட்டையின் மதிப்பைக் காட்டவில்லை. விற்பவரின் நம்பிக்கையைக் காட்டுகிறது.

புள்ளிகளின் பயனும் எல்லோருக்கும் ஒன்றன்று. ஸ்டீமில் முதல் 10 நிலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி வேண்டும். அடுத்த 10 நிலைகளுக்கு 200. அதற்கடுத்த 10க்கு 300. இவ்வாறே ஏறிக்கொண்டு போகும். பேட்ஜுகளால் மட்டுமே ஏறினால் 10ஆம் நிலையை அடைய 10 பேட்ஜ் போதும். 50ஆம் நிலைக்கு 150 பேட்ஜ். 100ஆம் நிலைக்கு 550. ஒவ்வொரு நிலையும் நண்பர் பட்டியலில் 5 இடம் கூட்டித் தரும். ஒவ்வொரு பத்தாவது நிலையிலும் சுயவிவரப் பக்கத்தில் ஒரு காட்சிப்பெட்டி திறக்கும். ஓர் 8 அட்டைத் தொகுப்பில் அட்டைக்கு 5 சென்ட் வீதம் 40 சென்ட் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 8ஆம் நிலையில் இருப்பவர் 40 சென்டில் ஒரு படி ஏறுவார். 95ஆம் நிலையில் இருப்பவருக்கு அதே ஒரு படிக்கு 4 டாலர் ஆகும். அதே அட்டை, அதே விலை. வாங்கும் இருவர் பெறுவது பத்து மடங்கு வேறுபடுகிறது. உணர்ச்சிக்குறியையும் பின்னணியையும் விற்றுக் கொஞ்சம் மீட்கலாம் என்பதால் நிகரச் செலவு சற்றுக் குறையும். விகிதம் பெரிதாக மாறாது.

இனி ரொட்டி. இலங்கைத் தமிழில் மதிப்பு என்பதைப் ‘பெறுமதி’ என்பர். பெறக்கூடியது எவ்வளவோ அதுவே பெறுமதி. இந்தியத் தமிழ் ‘மதிப்பு’ என்ற சொல்லையே பெரிதும் பயன்படுத்துகிறது. அது மதிப்பவரின் செயலைச் சுட்டுவது. இணையக் கருவிகள் காட்டுவது மதிப்பு. விற்பவர் கேட்க வேண்டியது பெறுமதி.

பெறுமதிக்கு முதல் கழிவு கட்டணம். விற்பவர் பெறும் தொகையின் மேல் 5 விழுக்காடு ஸ்டீமுக்கு, 10 விழுக்காடு விளையாட்டுக்கு; ஒவ்வொன்றும் குறைந்தது 1 சென்ட். 1.15 டாலருக்கு வாங்கப்படும் அட்டையில் விற்பவருக்கு 1 டாலர் வரும். 3 சென்ட் அட்டையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஆகவே மலிவான அட்டைகள் நிறைந்த சேகரிப்பில் பிழை மிகப் பெரிதாகும். 3 சென்ட் அட்டைகள் 1000 வைத்திருப்பவரிடம் கருவி 30 டாலர் காட்டும். அத்தனையும் விற்றுப்போனாலும் வருவது 10 டாலர். பட்டியல் விலைக்கும், ‘இந்த விலைக்கு வாங்கத் தயார்’ என்று காத்திருப்போரின் விலைக்கும் உள்ள இடைவெளி இதற்கு மேல்.

இரண்டாவது கழிவு பணத்தின் தன்மை. விற்ற தொகை ஸ்டீம் வாலட்டில் சேரும். வங்கிக் கணக்குக்கு வராது. அதைக் கொண்டு மற்றொரு விளையாட்டையோ மற்றோர் அட்டையையோ வாங்கலாம். தளத்துக்கு வெளியே ஒரு தேநீர்கூட வாங்க முடியாது. வாலட்டில் உள்ள ரூபாய்க் குறி கண்ணை ஏமாற்றுகிறது. எப்படியும் வாங்கவிருந்த விளையாட்டின் விலையில் ஒரு பகுதியை அது ஈடுசெய்தால் அந்த அளவுக்கு அது ரூபாய்தான். வாலட்டில் பணம் இருக்கிறதே என்று வாங்கிய, ஒருபோதும் திறந்து பார்க்காத விளையாட்டுக்குச் செலவானால் அது ரூபாயே அன்று. வெளியே ரொக்கம் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர் தளங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பிக் கணக்கு விவரங்களைக் கொடுத்து, சேகரிப்பு முழுவதையும் இழந்த மாணவர்களின் கதைகளுக்கும் விடுதிகளில் குறைவில்லை.

மூன்றாவது, மின்சாரம். இதைக் கணக்கில் சேர்ப்பவர் அரிது. அட்டைக்காகவே விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போகும் பழக்கம் உண்டு. 100 வாட் இழுக்கும் கணினி 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றும், அந்த நேரத்தில் ஒரு விளையாட்டின் 4 அட்டைகள் கிடைத்து ஒவ்வொன்றும் 1 சென்ட் தந்தன என்றும், டாலர் 85 ரூபாய் என்றும் கொண்டால், வரவு 3 ரூபாய் 40 காசு. வாலட்டை விட்டு வெளியே வராத 3 ரூபாய் 40 காசுக்காக 6 ரூபாய் ரொக்கம் எரிகிறது. ஒரே நேரத்தில் பல விளையாட்டுகளை ஓடுவதுபோல் காட்டும் மென்பொருள்களால் இந்தக் கணக்கு மாறும் என்பது சரியே. விடுதி அறைக்குத் தனி மீட்டர் இல்லாதபோது கணக்கு இன்னும் இனிமையாக மாறும்; அட்டையின் உற்பத்திச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது. ‘இலவசமாகக் கிடைத்த அட்டை’ என்ற தொடரில் ‘இலவசம்’ என்பதன் பொருள், செலவு வேறொருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே.

சந்தை விலையை மதிப்பின் சான்றாகக் கொள்வோர் 2017ஆம் ஆண்டை நினைவில் வைக்க வேண்டும். அட்டைகளுக்கு விலை இருந்ததால், அட்டைகளை உற்பத்தி செய்வதற்காகவே விளையாட்டுகள் தயாராயின. பெயருக்கு ஒரு விளையாட்டை வெளியிடுவது, அதன் திறவுக்குறிகளை ஆயிரக்கணக்கில் பெற்றுத் தம் தானியங்கிக் கணக்குகளுக்குக் கொடுப்பது, அக்கணக்குகளில் விழும் அட்டைகளை விற்பது என்று தொழில் நடந்தது. மனிதர் எவரும் விளையாட வேண்டியதில்லை. உண்மையாக விளையாடுவோர் இருக்கிறார்கள் என்று தரவு காட்டும் வரை அட்டைகள் விழாது என்ற விதியை அந்த ஆண்டு மே மாதம் வால்வ் கொண்டுவந்தது. அந்தக் காலத் தரவை எடுத்து ‘விளையாட்டின் ஈர்ப்பும் அட்டையின் விலையும்’ என்று ஒட்டுறவு தேடினால் விளையாட்டே இல்லாத இடத்தில் ஈர்ப்பு அளக்கப்படும். 2014 டிசம்பரிலும், ஜெம்களை நகலெடுக்க வழி செய்த ஒரு பிழை வெளிப்பட்டு, அப்போது நடந்த ஏலம் நிறுத்தி வைக்கப்பட்டது. பொருளாதாரத் தரவில் தெரியும் திடீர் வீழ்ச்சி ஒரு நிரல் பிழையாகவும் இருக்கலாம் என்பது பண்டச் சந்தை ஆய்வாளருக்குப் பழக்கமில்லாத எச்சரிக்கை.

அட்டைகளை வைத்து ஆடும் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 2002இல் வந்த ‘மேஜிக்: தி கேதரிங் ஆன்லைன்’ விளையாட்டில், ஒரு தொகுப்பின் டிஜிட்டல் அட்டைகளை முழுமையாகச் சேர்த்தவர், கட்டணம் செலுத்தி அதே தொகுப்பின் அச்சு அட்டைகளைப் பெறும் வசதி உருவாக்கப்பட்டது. திரையிலுள்ள அட்டைக்கு வெளியுலகில் ஒரு நங்கூரம் இருந்தது. சொசூரின் ரொட்டி அங்கே இருந்தது. ‘ஹார்த்ஸ்டோன்’ நேர்மாறு: அட்டைகளை ஒருவருக்கொருவர் மாற்றவே முடியாது, எனவே சந்தை விலை என்ற பேச்சுக்கே இடமில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் வால்வ் ஒரு சோதனை செய்தது. மேஜிக்கை வடிவமைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்டைக் கொண்டு 2018 நவம்பரில் ‘ஆர்ட்டிஃபேக்ட்’ வெளியானது. அதன் அட்டைகள் ஸ்டீம் சந்தையிலேயே விற்றன. ‘ஆக்ஸ்’ என்ற ஒற்றை அட்டை முதல் நாட்களில் 20 டாலரை ஒட்டி விலை போனது. விளையாட்டின் விலையும் ஏறத்தாழ அதுவே. சில வாரங்களில் ஆட்டக்காரர்கள் வெளியேற, அட்டை விலைகள் சரிந்தன. 2021 மார்ச்சில் மேம்பாட்டுப் பணி கைவிடப்பட்டு விளையாட்டு இலவசமாக்கப்பட்டது. அட்டைகளும் எல்லோருக்கும் இலவசம். பணம் கொடுத்து வாங்கியிருந்தோரின் அட்டைகள் ‘சேகரிப்பாளர் பதிப்பு’ என்று பெயர் மாற்றம் பெற்று, விற்பனைக்குரியவையாகவே நீடித்தன. ஆடுவதற்கான பயன் முழுவதும் நீங்கிய பின்னும் விலைப்பட்டியல் மட்டும் தங்கிவிட்டது. விலைக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பை ஐயுற இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

வால்வ் ஊழியராக 2012இல் பணியேற்ற பொருளியலாளர் யானிஸ் வரூஃபாக்கிஸ், பின்னாளில் கிரேக்கத்தின் நிதியமைச்சரானவர், ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ பொருள்களின் பண்டமாற்றை ஆராய்ந்தார். டாலரில் என்ன விலை என்று அவர் தொடங்கவில்லை. எந்தப் பொருள் எதற்கு எந்த விகிதத்தில் மாறுகிறது, அந்த விகிதங்களைச் சுற்றி வந்தால் லாபம் மிஞ்சுகிறதா என்றே கேட்டார். விகிதங்கள் முரண்பட்டால் விலை இன்னும் நிலைபெறவில்லை. சுற்றி வந்தும் ஏதும் மிஞ்சாவிட்டால் நிலைபெற்றுவிட்டது. மாணவர்கள் கைக்கொள்ளத் தக்க முறை இதுவே. ஜெம் மூட்டை, பூஸ்டர் பாக், தனி அட்டை என்ற முக்கோணத்தில் ஒரு வாரம் கட்டணத்தைக் கழித்து விகிதம் பார்த்தால், பெருக்கல் கருவியைக் கொண்டு ஓராண்டு திரட்டும் தரவைவிட அதிகம் தெரியும்.

இந்தியச் சூழலில் கேள்விக்கு இன்னொரு முனையும் உண்டு. 2022 நிதிச் சட்டம் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளின் வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. அதன் வரையறை, கிரிப்டோகிராஃபி வழியாகவோ ‘வேறு வழியாகவோ’ உருவாகி, மதிப்பின் டிஜிட்டல் வடிவமாக அமையும் தகவல், எண், டோக்கன் ஆகியவற்றைச் சுட்டுகிறது. ‘வேறு வழியாகவோ’ என்ற அந்த ஒரு தொடர் வலையை எவ்வளவு அகல விரிக்கிறது என்பது சட்டமொழியை ஆராய்வோருக்கு நல்ல பாடம். பரிசு அட்டைகளும் வெகுமதிப் புள்ளிகளும் அதே ஆண்டு அறிவிக்கையால் விலக்கப்பட்டன. வாலட்டுக்குள் சுழலும் விளையாட்டு அட்டை வெகுமதிப் புள்ளிக்கு நெருக்கமானது என்று வாதிடுவதே நியாயம். ஏனெனில் அதை வெளியிட்டவரும், விதி எழுதுபவரும், கட்டணம் பெறுபவரும், அழிக்கக்கூடியவரும் ஒருவரே. 2025 அக்டோபரில் ‘கவுன்டர் ஸ்டிரைக் 2’இல் ஒரு விதியை மாற்றி, ஐந்து உயர்தர ஆயுதத் தோற்றங்களைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என்று வால்வ் அறிவித்தவுடன் கத்திகளின் விலை சரிந்தது. அதற்கு முந்தைய நாள் அவற்றைச் சொத்து என்று எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். ஸ்டீமின் பயனர் ஒப்பந்தமோ உள்ளடக்கம் விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்கிறது.

எனவே ஆய்வேட்டில் ஒரு சேகரிப்பின் மதிப்பை எழுத வேண்டியவர் ஒரே எண்ணை எழுதக் கூடாது. வாங்குவோர் முன்வைத்திருக்கும் விலையில் கட்டணம் கழித்து வாலட்டில் சேரும் தொகை ஒன்று. அட்டைகளை உடைத்தால் கிடைக்கும் ஜெம்களின் சந்தை மதிப்பு ஒன்று. முழுத் தொகுப்புகளாக்கி பேட்ஜ் செய்தால் கிடைக்கும் புள்ளிகளை அதே புள்ளிகள் பெற ஆகும் மிகக் குறைந்த செலவால் அளந்தது ஒன்று. மூன்றின் பக்கத்திலும் நாளும் நேரமும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத அந்த இடைவெளி எவ்வளவு, எதனால் என்பதற்கே ஓர் இயல் தேவைப்படும். வாய்மொழித் தேர்வில் முதலில் வரும் கேள்வியும் அங்கிருந்துதான் வரும்.